திம்பம் மூடுவதற்குள் ஒரு வாட்டர் பார்க்

என் தங்கை மஸ்கட்டிலிருந்து போன் போட்டு, "அக்கா, இந்தத் தடவை மைசூர்ல அரை நாள்தான் நிப்பேன், புள்ளையை வாட்டர் பார்க் கூட்டிக்கிட்டுப் போகோணும், நீயே எல்லாம் ஏற்பாடு பண்ணி வையி" என்றபோது நான் கேன்டீனில் சாம்பாருக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் கரண்டி இருந்ததால் சரி என்றுவிட்டேன். கை சும்மா இருந்திருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

பிள்ளை அவள் பெற்றது. வளர்த்தது நான். நடை பழகாத வயதில் மைசூரில் என் மடியில் விட்டுவிட்டு அவளும் அவள் வீட்டுக்காரரும் மஸ்கட் போனார்கள். அவளுக்கு அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, அவருக்கு ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலை. குடும்பத்தோடு இருக்க வீடு தரமாட்டார்கள், வீடு கிடைத்ததும் கூட்டிக்கொள்கிறோம் என்றார்கள். பிள்ளை இப்போது ஆறாம் வகுப்பு முடித்துவிட்டாள். இடையில் தங்கை லீவில் வருவாள், ஒரு வாரம் இருப்பாள், பிள்ளை ஒட்டிக்கொள்ளும் நேரமாகப் பார்த்துக் கிளம்பிவிடுவாள். ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருந்தேன். தினமும் படுக்கும்முன் போனில் தங்கையின் படத்தைக் காட்டி, இதுதான் அம்மா என்பேன். வாய் தவறி என்னை அம்மா என்று கூப்பிட்டால் அங்கேயே திருத்துவேன். நான் பெரியம்மா. அவள் வாயில் அது பெரிம்மா. நாளைக்கு யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்றுதான் அப்படி வைத்திருந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தங்கையைத் திருப்பிக் கூப்பிட்டேன். பெருந்துறையில் அவள் மாமனாருக்கு அறுபதாம் கல்யாணமாம். அவள் வீட்டுக்காரர் முன்னாலேயே அங்கே போய்விட்டாராம். பெங்களூரில் விடியற்காலை வந்து இறங்குகிறாளாம். நேர் வழி சேலம் வழி. ஆனால் பிள்ளைக்காக மைசூரைச் சுற்றிக்கொண்டு, சாம்ராஜ்நகர், திம்பம் வழியாகப் போகிறாளாம். திம்பம் யானைக்காட்டு மலைப்பாதை. இருட்டினால் கேட்டைப் போட்டுவிடுவார்கள், அப்புறம் எந்த வண்டியையும் விடமாட்டார்கள்.

"இத்தனை சுத்து எதுக்குடி?" என்றேன்.

கொஞ்சம் தயங்கினாள். "வீடு கிடைச்சிருச்சுக்கா" என்றாள்.

அவளே தொடர்ந்தாள். "அவகிட்ட நானே கேக்கறேன். வாரேன்னா அன்னிக்கே கூட்டிக்கிட்டுப் போயிருவேன். லீவு உட்டாச்சல்ல, விசா வேலை, துணிமணியெல்லாம் பெருந்துறையில இருந்தே பாத்துக்கலாம். வரலைன்னா உட்டர்றேன், கட்டாயம் பண்ணமாட்டேன். நீ மட்டும் முன்னாடியே ஒண்ணும் சொல்லிப்போடாத."

"அதுக்கு வாட்டர் பார்க் எதுக்கு?"

"சந்தோஷமா இருக்கறப்ப கேட்டா நல்லாருக்கும்க்கா."

அன்று ராச்சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மைசூரை அடுத்த நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறார். அதிகம் பேசுகிற ஆள் இல்லை. "பலி ஆட்டுக்கு மாலை போடற மாதிரி இருக்குதுங்க" என்றேன். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "ஆடு யாரு, புள்ளையா, நீயா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. "தோசை ஆறுது, தின்னுங்க" என்றேன்.

அந்த வாட்டர் பார்க்குக்குப் போக வேண்டாம் என்று பிள்ளையிடம் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது நான்தான். காரணம் அவளுடைய இடது காது. சளி பிடித்தால் சீழ் வைக்கும், வலியில் துடிப்பாள். வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் போய் வந்து கதை அளப்பார்கள். இவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, "நானொப்ளே ஹோகில்லா" என்பாள், நான் ஒருத்திதான் போகலை என்று. தமிழ் அவளுக்கு நன்றாகவே வரும். ஆனால் அழுகையும் கோபமும் கன்னடத்தில்தான் வரும்.

காதைப் பற்றித் தங்கையிடம் சொன்னேன். "சாக்குச் சொல்லாதக்கா" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொட்டு மருந்து விட்டுவிட்டு அந்தத் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான். சாக்காம் சாக்கு. போனை வைத்துவிட்டேன்.

மறுநாளே பிள்ளையைக் காது டாக்டரிடம் கூட்டிப் போனேன். தண்ணீர் ஆகாது என்று அவர் சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் சாமியை வேண்டிக்கொண்டு போனேன். அவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, புண் சுத்தமாக ஆறிவிட்டது, காதில் அடைப்பான் வைத்துத் தாராளமாகக் கூட்டிப் போங்கள், தலையை மட்டும் முங்க விடாதீர்கள் என்று கன்னடத்தில் அழகாகச் சொன்னார். பிள்ளை அந்த நாற்காலியிலேயே குதித்தாள். அம்மா கூட்டிப் போகிறாள் என்று அவளுக்கு அதற்குள் தெரிந்துவிட்டிருந்தது. வேண்டாம் என்று சொன்னவள் பெரிம்மா, கூட்டிப் போகிறவள் அம்மா. இதற்கு யார் என்ன செய்ய முடியும்?

கெடுக்க வேண்டும் என்றால் நான் கெடுத்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கொண்டுபோய்த் தள்ளியிருந்தால் பாதி நாள் வரிசையிலேயே போயிருக்கும். ஆனால் அப்படித் திட்டம் போட எனக்கு வரவில்லை. என் பிழைப்பு அப்படி. மைசூர் ஹெப்பாளில் ஒரு பெரிய கம்பெனி கேன்டீனில் நான் சூப்பர்வைசர். எந்தக் கூட்டம் எப்போது எந்தக் கவுன்டரில் போய் நிற்கும், எதை முதலில் திறந்தால் நெரிசல் குறையும் என்று பார்த்துப் பார்த்துப் பழகியவள். தோசைக் கவுன்டரில் இருக்கும் பெண் அந்தப் பார்க்குக்குப் போய் வந்தவள். அவளைக் குடைந்து குடைந்து கேட்டேன். உள்ளே நுழைந்ததும் எல்லோரும் அலைக்குளத்துக்குத்தான் ஓடுவார்களாம். அப்படியென்றால் நாம் முதலில் சறுக்குகளுக்குப் போகவேண்டும். எல்லோரும் சறுக்குக்கு வரும்போது நாம் சாப்பிட உட்காரவேண்டும். அவர்கள் சாப்பிடப் போகும்போது அலைக்குளம் காலியாக இருக்கும். பருத்தித் துணி போட்டுத் தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள் என்றாள். பிள்ளைக்கும் தங்கைக்கும் நைலான் உடுப்பு முன்கூட்டியே வாங்கிவைத்தேன்.

அதுவும் போதாதென்று ஒருநாள் நானே பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். புடவை கட்டிக்கொண்டு, கையில் டிபன் பையோடு ஒரு பொம்பளை தனியாக வந்து, எந்தச் சறுக்கு எங்கே, கழிப்பறை எங்கே, கார் எங்கே நிறுத்துவது என்று கேட்டதில் வாசலில் இருந்தவன் என்னை வேறு ஏதோ பார்க் வைத்திருப்பவள் என்று நினைத்துவிட்டான். எல்லாவற்றையும் மனதில் குறித்துக்கொண்டேன். கை ஒழுங்காக வேலை பார்த்தது. மனசுதான் கூட வரவில்லை.

அந்த நாள் வந்தது. என் வீட்டுக்காரர் பிள்ளை எழுந்திருக்கும் முன்பே ஷிஃப்டுக்குக் கிளம்பினார். லீவு போடச் சொல்லியிருந்தேன். "இருந்தா ஏதாச்சும் சொல்லிப்போடுவேன்" என்று செருப்பை மாட்டினார். திரும்பி உள்ளே வந்து, தூங்குகிறவளின் போர்வையை இழுத்துவிட்டுப் போனார்.

விமானம் தாமதம். பெங்களூர் தாண்டியதும் அவள் பிடித்த வாடகைக் கார் நெரிசலில் நின்றது. நான் போட்ட திட்டம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தது. பிள்ளை பையை முதுகில் மாட்டிக்கொண்டு கேட்டிலேயே நின்றாள். "உள்ள வந்து உக்காரு" என்றால் கேட்கவில்லை. தங்கைக்குப் போன் போட்டேன். "திம்பம் மூடறதுக்குள்ள போகோணும்னு நீதான சொன்ன, இப்படி வந்தா எப்படி? பார்க்கை இன்னொரு தடவை பாத்துக்கலாம்" என்றேன். "முடியாதுக்கா, இன்னிக்குத்தான்" என்றாள். அவள் குரல் நடுங்கியது. எனக்கு மட்டும்தான் பயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வந்து இறங்கியவளைப் பார்த்துப் பிள்ளை கொஞ்சம் நெளிந்தாள். அவள் கட்டிப்பிடித்ததும் விறைத்துக்கொண்டு நின்றாள். காரில் ஏறியதும் நான் நடுவில் உட்காரப் போனேன். பிறகு நானே ஓரத்துக்கு மாறிக்கொண்டேன். பிள்ளை பாதி தமிழிலும் பாதி கன்னடத்திலுமாகப் பள்ளிக்கூடக் கதை பேசினாள். தங்கை எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பாதிதான் புரிந்திருக்கும். நாங்கள் கர்நாடகத்து ஹனூர்ப் பக்கம் பிறந்தவர்கள்தான், ஆனால் அவளைச் சின்ன வயதிலேயே ஈரோட்டில் மாமா வீட்டில் விட்டுப் படிக்க வைத்தார்கள். அவளிடம் மிச்சம் இருந்தது சந்தைக் கன்னடம். எஷ்டு, எவ்வளவு. பேடா, வேண்டாம். சாக்கு, போதும். அவ்வளவுதான்.

பார்க்கில் நான் சொன்னபடியே எல்லாம் நடந்தது. நேரம்தான் குறைவு. சறுக்குகளில் வரிசையே இல்லை. பிள்ளை முதல் தடவை பயந்து கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். இரண்டாம் தடவை கையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மூன்றாம் தடவை அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். நான் பைகளைக் காவல் காத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் சிரிப்பது தண்ணீர்ச் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது. இரண்டு பேருக்கும் ஒரே சிரிப்பு, கடைசியில் மூச்சை இழுத்துக்கொண்டு நிறுத்துகிற அதே சிரிப்பு. இத்தனை நாள் அது பிள்ளையின் சிரிப்பு என்றுதான் நினைத்திருந்தேன். பொறாமையாக இருந்தது. வெளிப்படையாகவே சொல்கிறேன், வயிறு எரிந்தது.

சாப்பிட்டு முடித்ததும் டிரைவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். தங்கை என்னிடம், "இன்னும் ஒரே ஒரு சறுக்கு, ரெண்டு பேரும் ஒண்ணா போறது. இறங்கி வந்ததும் கேட்டர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். இரண்டு பேர் உட்காரும் டியூபில் வருகிற சறுக்கு அது. இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். பிள்ளை காதில் அடைப்பான் இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். எழுந்து நின்று காதைத் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். வாசலில் இருந்த பெண் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பிள்ளையிடம் ஏதோ கேட்டாள். பிள்ளை ஏதோ சொன்னாள். தங்கை அவள் கையை விட்டுவிட்டாள்.

இரண்டு பேர் உட்கார வேண்டிய டியூபில் பிள்ளை மட்டும் சறுக்கி வந்தாள். தங்கை ஈரம் சொட்டச் சொட்ட என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உதடு நீலம் பூத்திருந்தது.

"நான் கேக்கப் போறதில்லைக்கா."

"ஏண்டி, என்னாச்சு?"

"அந்தம்மா என்னமோ கேட்டா. நான் கையைப் புடிச்சுக்கிட்டுத்தான் நிக்கறேன். அல்லா, சாக்கு அம்மாங்கறா. அந்த அளவுக்குக் கூடவா எனக்குக் கன்னடம் தெரியாது? இல்ல, போதும்மாங்கறா. அரை நாளுக்கே நான் போதும்னு ஆயிட்டேன். இதுல மஸ்கட்டுக்கு வாரியான்னு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கேக்கறது?" புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீயே வெச்சுக்க. நான் துணி மாத்திக்கிட்டுக் கிளம்பறேன்."

எனக்கு நெஞ்சுக்குள் ஜில்லென்று இறங்கியது. சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்று நினைத்தேன். அவள் போகிற முதுகைப் பார்த்துக்கொண்டு, வாயைத் திறந்து ஒரு ஆறுதல்கூடச் சொல்லவில்லை.

பிள்ளை ஓடி வந்தாள். "அம்மா எல்லி?"

"துணி மாத்தப் போயிருக்கா. நீ அம்மாகிட்ட என்ன சொன்ன?"

"ஏனு ஹேளில்லா" என்றாள், ஒன்றும் சொல்லவில்லை என்று.

"போதும்னு சொன்னியா?"

"இல்ல பெரிம்மா. அந்த ஆன்ட்டி கேட்டாங்க, காதைக் காதைக் காட்றாங்களே அவ்ரு யாரு, உன் தொட்டம்மாவான்னு. தொட்டம்மா அல்லா, சாக்கம்மா அப்டின்னேன்."

தொட்டம்மா என்றால் பெரியம்மா. சாக்கம்மா என்று ஒரு உறவுமுறையை நான் கேட்டதில்லை. பிறகுதான் உறைத்தது. நாய், பூனை, கோழியெல்லாம் சாக்கு பிராணி என்று பிள்ளைகள் பாடத்தில் படிப்பார்களே, அந்தச் சாக்கு. கன்னடத்தில் போதும் என்பதும் சாக்குதான், வளர்ப்பது என்பதும் சாக்குதான்.

"அப்படி ஒரு வார்த்தை இருக்குதா?" என்று கேட்டேன்.

"கொத்தில்லா" என்று தோளைக் குலுக்கினாள், தெரியாது என்று. "பெத்தவங்க ஹெத்தம்மா. அப்ப சாக்குனவங்க சாக்கம்மாதானே?"

அம்மா என்கிற சொல்லை இத்தனை வருஷமும் அவள் வாயிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி எறிந்தவள் நான். எனக்குத் தெரியாமல் அவள் தானாகவே ஒன்றைச் செய்து வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாதவளிடம் என்னை அப்படிச் சொல்லியிருக்கிறாள். துண்டை அவள் தலையில் போட்டு அழுத்தித் துவட்டினேன். "நோய்த்தே பெரிம்மா" என்றாள், வலிக்குது என்று. விடவில்லை. என் முகத்தை அவள் பார்க்கக் கூடாது.

இனி நான் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் கார் தானாகப் போய்விடும். அவள் கோபம் ஆறுவதற்குள் லீவும் முடிந்துவிடும். பிள்ளை என்னோடு இருப்பாள். யாரும் பொய் சொல்லவும் தேவையில்லை.

தங்கை துணி மாற்றிக்கொண்டு வெளியே வந்தாள். பிள்ளை எதிரே ஓடி, "அம்மா, இன்னொரு வாட்டி போலாமா, நீ வரவே இல்லையே" என்று அவள் கையைப் பிடித்தாள். தங்கை கையை மெல்ல உருவிக்கொண்டு, "நேரமாயிருச்சு கண்ணு" என்று எங்கேயோ பார்த்துச் சொன்னாள். பிள்ளை நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் என்ன தப்புப் பண்ணினேன் என்று அந்த முகம் கேட்டது. ஐந்து நிமிஷம் முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு சறுக்கி வந்த பிள்ளை அது. தன்னை அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்று அவள் இனி எத்தனை நாள் நினைத்துக்கொண்டிருப்பாள்? எனக்கு ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

"இங்க வாடி" என்று தங்கையைத் தனியே இழுத்தேன். "அவ போதும்னு சொல்லல. அந்தம்மா என்னைக் கைகாட்டி யாருன்னு கேட்டிருக்கா. வளத்த அம்மான்னு சொல்லியிருக்கா. கன்னடத்துல வளக்கறதுக்கும் சாக்குன்னுதான் சொல்லு."

அவள் என்னையே பார்த்தாள். "அம்மான்னு என்னைக் கூப்பிட்டுச் சொல்லலையா?"

"இல்லடி."

"என்னைப் போதும்னு சொல்லலையா?"

"இல்லைன்னு எத்தனை வாட்டி சொல்றது?"

அவள் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள், கூடவே அழுதாள். நான் காத்திருந்தேன். வளர்த்த அம்மா என்று பிள்ளை என்னைச் சொன்னது அவளுக்குக் குத்தும், அதற்கு எப்படிச் சமாதானம் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அது அவள் காதில் ஏறவே இல்லை. தன்னை வேண்டாம் என்று சொல்லவில்லை, அது மட்டும்தான் அவளுக்கு வேண்டியிருந்தது. எனக்குக் கிடைத்தது எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

பார்க் வாசலில் கார் பக்கத்திலேயே கேட்டாள். நான் தள்ளிப் போனேன். "நீயும் இரு அக்கா" என்று நிறுத்தினாள். பிள்ளைக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, வீடு கிடைத்திருக்கிறது, உனக்கென்று தனி அறை இருக்கிறது, அப்பா காத்துக்கொண்டிருக்கிறார், வந்து எங்களோடு இருக்கிறாயா என்றாள். நான் பையின் ஜிப்பைத் திறந்து எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். என் முகத்தைப் பார்த்து அவள் முடிவு செய்யக் கூடாது. அது ஒன்றுதான் அன்றைக்கு நான் வாயைக் கட்டி, மனதைக் கட்டிச் செய்தது.

"அங்க ஸ்கூல் பஸ் இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்குது கண்ணு."

"வாட்டர் பார்க்?"

"அதும் இருக்குது. கடலே இருக்குது."

அவள் செருப்பு மண்ணைத் தேய்க்கிற சத்தம் கேட்டது. பிறகு, "பெரிம்மா, போகட்டா?" என்று கேட்டாள்.

மாட்டேன் என்று ஒரு தடவை சொல்லேண்டி என்று உள்ளுக்குள் கத்தினேன். அழு, என் புடவையைப் பிடித்துக்கொள், பெரிம்மாவை விட்டு வரமாட்டேன் என்று தரையில் புரளு. அவள் அதெல்லாம் செய்கிற பிள்ளை இல்லை. அப்படி வளர்க்கவில்லை நான். அம்மாவைத் தினமும் படத்தில் காட்டிக் காட்டி வளர்த்தால் பிள்ளை அம்மாவிடம் போகாமல் என்ன செய்யும்? "போயிட்டு வா" என்றேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"ஒரு வருஷம் போய்ப் பாக்கறேன். பேஜாராச்சுன்னா வந்துருவேன்" என்றாள். முகம் மலர்ந்துவிட்டது.

"பெரிப்பா வர்றவரைக்கும் இருந்து சொல்லிட்டுப் போகட்டும்டி" என்றேன் தங்கையிடம். டிரைவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "திம்பா க்ளோஸ் மாட்தாரே மேடம்" என்றார், மூடிவிடுவார்கள் என்று. ராத்திரி பெரிப்பாவுக்குப் போன் பண்ணுகிறேன் என்று பிள்ளையே சொல்லிவிட்டாள். அவளுக்கு அது சின்ன விஷயம். நாளை மறுநாள் திரும்பி வரப்போகிறவள் மாதிரி ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டாள்.

தங்கை கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, "இவளுக்கு என்னென்ன பாக்கோணும், சொல்லுக்கா" என்றாள். சொன்னேன். கத்தரிக்காய் ஆகாது, உடம்பு தடிக்கும். இடது காதில் குளிர்காற்று படக்கூடாது. கோபம் வந்தால் சமாதானம் பண்ணப் போகாதே, சோற்றைப் போட்டு வைத்துவிட்டு நகர்ந்துவிடு, தானே வந்து சாப்பிடுவாள். கணக்கு வராது, திட்டினால் இன்னும் வராது. விளக்கை அணைத்தால் தூங்கமாட்டாள். பின்னல் இறுக்கினால் தலைவலி வரும். தங்கை ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள், விரல் விட்டு எண்ணிக்கொண்டாள். "இன்னும் ஏதாச்சும் இருக்காக்கா?" என்றாள். யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. இத்தனை வருஷம் வளர்த்தது கார்க் கதவைச் சாத்துவதற்குள் சொல்லித் தீர்ந்துவிட்டது. "அவ்வளவுதான்" என்றேன்.

கார் ரிங் ரோட்டில் திரும்பும் வரை பிள்ளை பின்கண்ணாடி வழியே கையாட்டினாள். நான் ஈரத்துண்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றேன். மணிக்கொன்றாக வந்த இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன். எதில் ஏறவேண்டும் என்றே நினைவில்லை.

மூன்றாவது பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்து, ஊருக்குள் பாதி தூரம் வந்த பிறகு சட்டென்று வந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றி சுடாது. கால்தான் முதலில் சுடும். உடம்பு சரியில்லை என்று அவளும் வாயைத் திறந்து சொல்லமாட்டாள். ராத்திரி போர்வைக்குள் கையை விட்டு உள்ளங்காலைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இது தெரியாமல் ஒரு தடவை அவளுக்கு ஜன்னி கண்டுவிடுமோ என்று எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. தங்கை நர்ஸ்தான். நர்ஸும் நெற்றியைத்தான் தொட்டுப் பார்ப்பாள்.

போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று கன்னடத்தில் சொன்னது. மறுபடி போட்டேன். அதையே இங்கிலீஷில் சொன்னது. காட்டுக்குள் ஏறியிருப்பார்கள், அங்கே டவர் கிடையாது. பக்கத்தில் இருந்த பெண், என்ன ஆச்சு என்று கேட்டாள். டவர் இல்லை என்று போனைக் காட்டினேன். என் வீட்டுக்காரருக்குப் போட்டேன். ஷிஃப்டில் இருக்கும்போது அவர் எடுக்கமாட்டார். அன்றைக்கு முதல் மணியிலேயே எடுத்தார்.

"ஏனுங்க, காய்ச்சல் வந்தா அவளுக்குக் கால்தான் முதல்ல சுடும்னு சொல்ல மறந்துட்டனுங்க" என்றேன்.

பிள்ளை போய்விட்டாள் என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. பின்னால் லேத் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்தச் சத்தமும் நின்றது, நிறுத்தியிருப்பார்.

"லைன் கிடைக்கற வரைக்கும் போட்டுக்கிட்டே இரு" என்றார்.

போட்டுக்கொண்டே இருந்தேன்.